இரண்டாவது கணினிக்கு ஒரு கம்பி

ஷார்ஜா

அன்பு மருமகளுக்கு,

இன்னொரு கனெக்‌ஷன் எடுக்காதே. நீ கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் அது ஏன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதற்காக. வாட்ஸப்பில் பேசியே அனுப்பியிருப்பேன். நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். எழுத்தாக இருந்தால் ஏணியில் நிற்கும்போதுகூட எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டு நிலவரத்தை நான் புரிந்துகொண்டது சரிதானா பார். கீழே ஹாலில் டி.வி. பக்கத்தில் இன்டர்நெட் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு குட்டைக் கம்பி தம்பியின் கணினிக்குப் போகிறது. நீ மாடியறையில், அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியிருக்கிறாய். மாடியில் வைஃபை ஒற்றைக் கோடு. மீட்டிங் நடுவில் நீ வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறாய். தம்பி கேம் விளையாடுவதால்தான் என்கிறாய் நீ. இல்லவே இல்லை என்கிறான் அவன். லைன் கொடுத்தவரைக் கூப்பிட்டால், "ரெண்டாவது சிஸ்டத்துக்குத் தனி லைன் போட்டாத்தான் சரிவரும்" என்று சொல்லிவிட்டார். உன் அம்மா, என் அக்கா, அவளும் தலையாட்டிவிட்டாள்.

அந்தத் தனி லைனுக்கான பெட்டியையும் அவர் ஹாலிலேதான் மாட்டப்போகிறார், மக்களே. அங்கிருந்து அதே சுவர், அதே கான்கிரீட்டைத் தாண்டித்தான் வைஃபை உன் மேஜைக்கு வர வேண்டும். பில் இரண்டாகும், கோடு ஒன்றாகவே இருக்கும்.

காசு செலவில்லாத ஒரு சோதனையை முதலில் செய். லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய், பெட்டியில் காலியாக இருக்கும் இன்னொரு துளையில் ஒரு சின்ன லேன் கம்பியைச் சொருகி லேப்டாப்போடு இணை. தம்பியை விளையாடச் சொல். நீ தோழி யாரையாவது கூப்பிட்டு அரைமணி நேரம் வீடியோவில் பேசு. விட்டுவிட்டு வராமல் பேச்சு ஓடினால் லைனில் ஒரு குறையும் இல்லை, குறை மாடிக்கு வரும் வழியில்தான் என்று தெரிந்துவிடும். நன்றாகத்தான் ஓடும் என்பது என் கணிப்பு. ஒரு வீடியோ அழைப்புக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ் போதும். நல்ல தெளிவில் படம் பார்க்க 5 போதும். ஆன்லைன் விளையாட்டு நடக்கும்போது அது இழுப்பது ஒன்றுக்கும் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த விளையாட்டுக்கு அப்டேட் வரும்போது நிலைமை வேறு. பல ஜிபி இறங்கும், இறங்கி முடியும்வரை லைனை வேறு யாருக்கும் விடாது. அதை ராத்திரியில் வைத்துக்கொள்ளச் சொல். அதைவிட மோசமான ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. வீட்டில் இருக்கும் போன்கள் எல்லாம் எடுத்த போட்டோவையும் வீடியோவையும் தானாக மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் உன் மீட்டிங் திக்கினால், அக்காவின் போனைப் பார். கேமைக் குறை சொல்லாதே.

இப்போது பெட்டியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார். பச்சைத் தலையோடு ஒரு மெல்லிய ஒயர் உள்ளே போகிறதல்லவா, அதுதான் ஃபைபர். அதைக் கழற்றாதே, மடக்காதே. உள்ளே இருப்பது கண்ணாடி இழை, சுருக்கி வளைத்தாலே வெளிச்சம் ஒழுகிப்போகும். அதை விட்டால் லேன் என்று எழுதிய துளைகள், இரண்டோ நான்கோ இருக்கும். ஒரு கணினிக்குத்தான் லைன் என்றால் இத்தனை துளையை வைத்து யார் பெட்டி செய்வார்கள்? கணினிகள், போன்கள், டி.வி. எல்லாவற்றுக்கும் ஒரே லைனைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அந்தப் பெட்டிக்கு இட்ட வேலையே.

ஒரு லைனில் இரண்டு கணினி எப்படிக் குழம்பாமல் ஓடும் என்று நீ கேட்டது நல்ல கேள்வி. இங்கே அமீரகத்தில் வீட்டுக்கு வீடு தபால்காரர் வருவது வழக்கமில்லை. கம்பெனிக்கு ஒரு தபால் பெட்டி எண் இருக்கும். எங்கள் தொழிலாளர் கேம்பில் இருந்த அத்தனை பேருக்கும் ஊரிலிருந்து கடிதம் அந்த ஒரே எண்ணுக்குத்தான் வரும். கேம்பில் உள்ள எழுத்தர் பெயரைப் பார்த்துக் கட்டில் கட்டிலாகக் கொண்டுவந்து கொடுப்பார். உன் பெட்டி செய்வதும் அதேதான். வெளியுலகத்துக்கு உன் வீட்டுக்கு ஒரே முகவரி. உள்ளே தம்பியின் கணினிக்கு 192.168.1.5, உன்னுடையதற்கு 192.168.1.6 என்று பெட்டியே எண் போட்டுக் கொடுக்கும். எந்தக் கணினி எதைக் கேட்டது என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கும். பதில் வந்ததும் கேட்டவருக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்த ஏற்பாட்டை 1994 மே மாதத்தில் எகெவாங், ஃபிரான்சிஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் எழுதி வெளியிட்டார்கள். உலகத்தில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளுக்குத்தான் இடம் இருந்தது. தீர்ந்துபோகும் என்ற பயத்தில் தற்காலிகமாகச் சொன்ன யோசனை. 1996 பிப்ரவரியில் 192.168 என்று தொடங்கும் எண்களையும், 10 என்று தொடங்குவதையும், இன்னும் கொஞ்சத்தையும் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற ஒதுக்கீட்டை உறுதிசெய்தார்கள். அதனால்தான் உன் வீட்டிலும் 192.168, எதிர்வீட்டிலும் 192.168. பயந்தபடியே 2011 பிப்ரவரி 3ஆம் தேதி உலகத்தின் மத்தியக் கையிருப்பு தீர்ந்தது. அந்தத் தற்காலிக யோசனைதான் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மாதிரிப் பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன் எப்படி இருந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும். நான் நாகர்கோவிலில் மணிமேடை பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு நின்றேன். போன் லைனில் டயல் செய்து, மோடம் கீச்சிட்டுக் கத்தி, ஒரு வழியாக இணைப்பு வரும். அந்த ஒரு இணைப்பை வரிசையாக உட்கார்ந்திருக்கும் எல்லாக் கணினிக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். விண்கேட் என்றொரு மென்பொருள், நியூசிலாந்துக்காரர்கள் செய்தது, முன்னால் இருக்கும் கணினியில் ஓடும். பிறகு விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பிலேயே அந்த வசதி வந்துவிட்டது. எதுவானாலும் முன்னால் உள்ள கணினி நின்றால் எல்லாம் நின்றது. குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கத்துப் பெண்கள் பஸ் ஏறி வந்து, வளைகுடாவில் இருக்கும் வீட்டுக்காரரோடு யாகூவில் தட்டிக்கொண்டிருப்பார்கள். சரியாகப் பணம் அனுப்பும் பேச்சு வரும் நேரத்தில் லைன் போகும். அவர்கள் என்னைத் திட்டுவார்கள். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது; தொடக்க வேகம் 256 கேபிபிஎஸ். பின்னிரவு 2 மணி முதல் காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை என்றொரு திட்டம் அதில் இருந்தது. அதற்காக அலாரம் வைத்து எழுந்தவர்களை எனக்குத் தெரியும். அப்போது கொடுத்த மோடம்கள் சிலவற்றில் லேன் துளை ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் ஒரு யுஎஸ்பி துளை இருக்கும். இரண்டாவது கணினியை அந்த யுஎஸ்பியில் மாட்டி, மோடத்தை ரூட்டர் நிலைக்கு மாற்றி, இரண்டையும் ஓட்டுவது எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அன்றைக்குப் பெரிய வித்தை. உன் வீட்டில் வெறும் சொருகுகிற வேலைதான்.

சரி, கம்பிக்கு வருவோம். சுவர் ஓரமாக ஒரு லேன் கம்பியை மாடிக்கு ஏற்று. வைஃபை மோசம் என்று நான் சொல்லவில்லை; போனுக்கு அது போதும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் ஒரு கனத்த சுவரைக் கண்டாலே களைத்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டிகள் எல்லாம் அதே அலையில் நெருக்கியடிக்கும்; ஒன்றையொன்று மிதிக்காத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. நம் கடற்கரைத் தெருக்களில் வீடுகள் எவ்வளவு ஒட்டி ஒட்டி இருக்கின்றன என்று உனக்கே தெரியும். அரசு கொடுத்த அந்த லேப்டாப்பின் வைஃபை பெரும்பாலும் 2.4 மட்டும் பிடிக்கும் வகை. ஆனால் அதன் பக்கவாட்டில் லேன் துளை இருக்கும். புதிதாக வரும் மெல்லிய லேப்டாப்புகளில் அது கிடையாது, யுஎஸ்பியில் ஒரு அடாப்டர் வாங்கி மாட்ட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கும் கணினிக்குக் கம்பி. கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் போனுக்கு வைஃபை. நான் பார்க்கும் எந்த அலுவலகத்திலும் இதுதான் முறை.

திங்கள்சந்தையிலோ நாகர்கோவிலிலோ கேட்-6 கம்பி, மீட்டர் கணக்கில் கிடைக்கும். நூறு மீட்டர்வரை ஓடும். உனக்கு இருபது இருபத்தைந்து மீட்டர் தாராளம். கடைக்காரரிடம் முழுச் செம்பா என்று கேள். கேட்பதோடு நிற்காதே. ஒரு நரம்பை உரித்து பிளேடால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு பூசியது, வேண்டாம். கடலை விட்டுத் தள்ளி உள்ளவர்களுக்கு அது ஓடலாம். உப்புக்காற்றில் நமக்கு ஓடாது. நம் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வருஷத்தில் துருப்பிடித்தது என்று அக்காவைக் கேள்.

நுனியில் கனெக்டர் மாட்டுவதைக் கடைக்காரரே செய்து தருவார். ஆனால் தலை மாட்டிய கம்பி பைப்பில் நுழையாது, அதனால் ஒரு முனையையாவது நீயே செய்யக் கற்றுக்கொள். கிரிம்பிங் டூலைக் கையில் எடு. மேலுறையை ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு உரி. உள்ளே முறுக்கிய நான்கு ஜோடி, மொத்தம் எட்டு நரம்பு. முறுக்கைப் பிரித்து இடமிருந்து வலமாக இப்படி அடுக்கு: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவில் நீலம் வந்து உட்காரும், அங்கேதான் எல்லாரும் தடுமாறுவார்கள். விரலால் அழுத்தி நேராக்கி, அரை அங்குலம் விட்டு ஒரே வெட்டில் சமமாக வெட்டு. கனெக்டரின் நாக்கு கீழே பார்த்திருக்க, உள்ளே தள்ளு. முன்பக்கத்தில் எட்டுச் செம்புப் பொட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும். மேலுறையும் கனெக்டருக்குள் போயிருக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் அழுத்து. மறுமுனையிலும் இதே வரிசை. சொருகியதும் பெட்டியில் அந்தத் துளையின் விளக்கு எரியும். எரிந்தும் வேகம் நூறிலேயே நின்றால் பதறாதே. சில பெட்டிகளில் ஒரு துளைக்குத்தான் ஆயிரம் எம்பிபிஎஸ், மற்றவை நூறுதான். துளையை மாற்றியும் நூறுதான் என்றால் நரம்பு ஒன்று சரியாகப் பதியவில்லை. நூறுக்கு இரண்டு ஜோடி போதும், ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும். உங்கள் திட்டம் நூறுக்குள் என்றால் அதற்காக மறுபடி தலை வெட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

வெளிச்சுவரில் ஏற்றும்போது கம்பியைப் பி.வி.சி. பைப்புக்குள் விடு, வெயில் மேலுறையை வெடிக்க வைத்துவிடும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் சேர்த்து விடாதே. மாடி ஜன்னலுக்குள் நுழையும் முன் கம்பி ஒரு பிடி கீழே தொங்கி மேலேறட்டும். ஓடிவரும் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும், அறைக்குள் வராது. நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஐப்பசியில் இடியும் சேர்ந்து வரும். ஃபைபரில் மின்னல் ஏறாது. ஆனால் நீ ஏற்றும் இந்தச் செம்புக் கம்பியிலும், பெட்டிக்குப் போகும் கரண்டிலும் ஏறும். இடி நெருங்கினால் இரண்டையும் கழற்றி வை.

மாடியில் உன் போனுக்கும் வைஃபை வேண்டும் என்றால், பரணில் கிடக்கும் பழைய ரூட்டரைத் தூசி தட்டு. அதன் அமைப்புப் பக்கத்தில் நுழைந்து, அதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்று. டிஹெச்சிபி என்று ஒன்று இருக்கும், கணினிகளுக்கு எண் போட்டுக் கொடுக்கும் வேலை, அதை நிறுத்து. பிறகு கீழிருந்து வரும் கம்பியை அதன் லேன் துளையில் மாட்டு, வேன் என்று எழுதிய தனித் துளையில் அல்ல. எண்ணை மாற்றாமல், டிஹெச்சிபியை நிறுத்தாமல் மாட்டினால், வீட்டுக்குள் இரண்டு பேர் எண் கொடுக்கத் தொடங்கி, ஒரு நேரம் தம்பிக்கு வராது, ஒரு நேரம் உனக்கு வராது. இரண்டு பேரும் மறுபடி சண்டைக்கு நிற்பீர்கள்.

அடுத்தது பூட்டு. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெட்டியின் பக்கம் திறக்கும். எண்ணும் நுழைவுச் சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். அட்மின், அட்மின் என்று இருந்தால் அன்றைக்கே மாற்று. வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது 3 என்று இருக்கட்டும், டபிள்யூபிஎஸ் பொத்தானை அணைத்து வை. யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் அங்கேயே இருக்கும். தெரியாத பெயர் இருந்தால் யாரென்று கேள்.

அடுத்த வீட்டு அக்கா பாஸ்வேர்ட் கேட்பார். கேட்கத்தான் செய்வார், தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகுகிறவர்களிடம் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. கெஸ்ட் என்று தனி வைஃபை ஒன்றை அந்தப் பக்கத்திலேயே வைக்கலாம். அதன் சொல்லைக் கொடு, அவ்வப்போது மாற்று. நிரந்தரமாக அவர்கள் வீட்டுக்குக் கம்பி மட்டும் இழுத்துக் கொடுக்காதே. லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். 2008 ஜூலை 26இல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்னால் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எந்த முகவரியிலிருந்து வந்தது என்று தேடிப்போனால், நவிமும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் வாடகைக்கு இருந்த வீட்டில் போய் நின்றது. பூட்டில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவரிடம் போலீஸ் துருவித் துருவி விசாரித்தது. வெளியே தெரியும் முகவரி வீட்டுக்கு ஒன்றுதான் என்று மேலே சொன்னேனே, அதன் மறுபக்கம் இது.

லேப்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரி 14ஓடு நின்றுவிட்டது. அண்ணன் அதை அப்படியே வைத்திருந்தால், அந்தக் கணினியை லைனில் சேர்ப்பது வீட்டில் உள்ள மற்றவற்றுக்கும் ஆபத்து. உன் வேலை பிரவுசரிலேயே நடக்கிறது என்றாய். அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள், இலவசம். கூடவே பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஒன்று மாட்டினால் அந்த லேப்டாப் இன்னும் சில வருஷம் உழைக்கும். இரண்டாவது லைனுக்கு வைத்திருந்த பணத்தை அதில் போடு.

கரண்ட் போனால் என்ன செய்வாய் என்பதையும் யோசித்துக்கொள். பழைய லேண்ட்லைன் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும். ஃபைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் பக்கத்தில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது உனக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு புயலுக்கு ஒன்றும் தாங்காது. சாதாரண மின்வெட்டுக்கு, பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால், அதே அளவுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. ஆம்பியரையும் பார்த்து வாங்கு. லேப்டாப்பில் பேட்டரி செத்திருந்தால் இதனால் பயனில்லை. போனிலேயே மீட்டிங்கை முடித்துக்கொள்.

வெளிச்சுவர் வேலையை மழை பிடிப்பதற்குள் முடித்துவிடு. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தொடங்கினால் சாப்பாட்டுக்குள் முடியும். ஆள் வரட்டும் என்று காத்திருக்காதே, இதில் ஆள் செய்யக்கூடிய எதையும் நீ செய்யலாம். ஏணியைத் தம்பி பிடிக்கட்டும். முடிந்ததும் இரண்டு முனையிலும் "மாடி லைன்" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி செலோடேப் சுற்றி ஒட்டிவிடு. வீடு பெருக்கும்போது யாராவது பிடுங்கினாலும் எதை எங்கே சொருகுவது என்று அக்காவுக்குத் தெரியும்.

அன்புடன்,
மாமா